தோட்டத்தில் இரவோடிரவாகக் குழி: தோண்டியது யார், எப்படி நிறுத்துவது

குழியை மூடுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் அதை நன்றாகப் பாருங்கள். பிடுங்கப்பட்ட செடியைக் கண்டதும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஏதோ ஒரு விரட்டி மருந்தை வாங்கித் தெளிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதில் காசுதான் கரையும். அணிலுக்குப் பலிக்கிற வழி பெருச்சாளிக்குப் பலிக்காது. பெருச்சாளிக்காகப் போட்ட வலையைக் காட்டுப்பன்றி மூக்கால் நெம்பிவிட்டுப் போய்விடும். எந்த விலங்கும் செடியைக் கெடுப்பதற்காக வருவதில்லை. மண்ணுக்குள் அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது: கிழங்கு, விதை, புழு, உரத்தின் வாசனை, இல்லையென்றால் வெறுமனே பொலபொலவென்ற மண். அது எதுவென்று கண்டுபிடித்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் வலையும் வேலியும்.

முதலில் செடி

வேர் வெளியே தெரியும்படி கிடக்கும் செடிக்கு வெயில்தான் எமன். வேரில் இன்னும் ஈரம் இருந்தால் உடனே ஒரு வாளித் தண்ணீரில் வேரை மட்டும் அரை மணி நேரம் வைத்து, பிறகு பழைய ஆழத்திலேயே நட்டு, மண்ணை அழுத்தித் தண்ணீர் விடுங்கள். வேர் பாதி போயிருந்தால் மேலே இலையையும் பாதி குறைத்துவிட வேண்டும். இருக்கிற வேரால் முழு இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது. நான்கைந்து நாள் நிழல் கட்டுங்கள். இப்போதைக்கு உரம் வேண்டாம். கடிபட்ட கிழங்கை அப்படியே புதைத்தால் அழுகிவிடும். கடித்த இடத்தைச் சுத்தமான கத்தியால் வெட்டி, ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுங்கள்.

குழியில் என்ன பார்ப்பது

வாயின் அகலம், ஆழம், மண் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறதா அல்லது நாலா பக்கமும் சிதறியிருக்கிறதா, செடியில் எந்தப் பகுதி காணாமல் போயிருக்கிறது, இது நடந்தது பகலிலா இரவிலா. இவ்வளவுதான். மாலையில் முழுசாக இருந்த பாத்தி விடியற்காலையில் கிளறியிருந்தால் அணிலையும் பறவையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கால்தடம் தெளிவாக இல்லையென்றால் மாலையில் குழியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்ணைத் தட்டிச் சமமாக்கி, மேலே சலித்த மணலையோ மாவையோ மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் பனி உலர்வதற்குள் போய்ப் பாருங்கள். இரண்டு பிளவுக் குளம்பா, ஐந்து விரலும் நகமுமா, சிறிய கால்களுக்கு நடுவே வால் இழுபட்ட கோடா என்று தெரிந்துவிடும். இரவில் தானாகப் படமெடுக்கும் கேமரா கிடைத்தால் இன்னும் நல்லது. வளைக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையை விடாதீர்கள். எலி தோண்டிய வளையில் பாம்பு குடியிருப்பது சாதாரணமான விஷயம்.

அறிகுறி: சின்னச் சின்னக் குழிகள், நட்ட விதையோ குமிழ்க்கிழங்கோ காணோம்

இரண்டு விரல் நுழையும் அளவில் ஆங்காங்கே குழி, ஆழம் அதிகமில்லை, நடந்தது பகலில். இது அணில். உணவை ஒவ்வொன்றாக மண்ணில் ஒளித்து வைக்கும் அணில் வகைகளுக்குப் புதிதாகக் கிளறிய மண் என்றாலே ஆசை. பழைய புதையலைத் தேடுவதும் புதியதைப் புதைப்பதும் அங்கேதான். தொட்டிச் செடிகளில் தினமும் குழி விழுவதும் இதனால்தான்.

நட்டதும் மண்ணை அழுத்தித் தண்ணீர் விட்டு, புதுமண்ணின் அடையாளத்தை அழித்துவிடுங்கள். கிழங்கிலிருந்து உதிர்ந்த தோல், சருகுச் செதில்களைப் பாத்தியிலேயே விடாதீர்கள். அந்த வாசனையே கூப்பிடும். ஒரு அங்குலமோ அதற்குக் குறைவோ கண்ணுள்ள கம்பிவலையைப் பாத்தியின் மேல் தட்டையாக விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். முளை வலையைத் தாண்டி வந்ததும் எடுத்துவிடலாம். குமிழ்க்கிழங்குகளை அவற்றின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் நடுவது பொதுவான வழக்கம். ஆழம் குறைந்தால் அணிலுக்கு வேலை சுலபம். நார்சிசஸ் என்ற பூச்செடியின் கிழங்கில் லைகோரின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் அதைப் பெரும்பாலான விலங்குகள் தொடுவதில்லை. டூலிப் கிழங்கையோ விரும்பித் தின்னும். இரண்டையும் கலந்து நட்டாலும் டூலிப்பைத் தேடி எடுத்துவிடும், அதனால் அதற்கு வலை அவசியம்.

அறிகுறி: செடி காரணமில்லாமல் வாடுகிறது, லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது

தண்ணீர் விட்டும் செடி தொங்குகிறது. பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வருகிறது, அடியில் வேரைக் காணோம். வெட்டுவாயைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வேர் அழுகல் நோயென்றால் நுனி கறுத்துக் கொழகொழவென்று, நசுக்கினால் தோல் தனியாக உரியும். எலி கடித்ததென்றால் நுனி உலர்ந்து வெள்ளையாக, பல் இழுத்த மெல்லிய இணைகோடுகளோடு இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பூஞ்சாணக் கொல்லியை ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

எலியோ பெருச்சாளியோ என்றால் பக்கத்திலேயே வளை இருக்கும். வாயில் புதுமண் குவிந்திருக்கும். சில வகைகள் உள்ளே போனதும் மண்ணாலேயே வாயை அடைத்துக்கொள்ளும், ஆகவே வளை தெரியவில்லை, மண்மேடு மட்டும்தானே இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று அறிய ஒரு பழைய முறை இருக்கிறது: மாலையில் கண்ணில் படும் எல்லா வளைகளையும் மண்ணால் மிதித்து மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதுதான் உயிருள்ள வளை. மற்றவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பொறி வைப்பவர்கள் செய்ய வேண்டிய ஒன்று: எலிக்குப் புதிய பொருள் எதைப் பார்த்தாலும் சந்தேகம். முதல் சில நாள் பொறியை விசை ஏற்றாமல், இரை மட்டும் வைத்துப் பழக விடுங்கள். இரை தொடர்ந்து காணாமல் போக ஆரம்பித்ததும் விசை ஏற்றுங்கள். சுவரோரமாக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். பறவையும் ஓணானும் மாட்டாமல் இருக்க மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் எலி நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள்.

விஷம் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ப்ரோமடியோலோன் போன்ற ரத்தம் உறையவிடாத விஷங்களைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அப்போது ஆந்தையோ, கீரியோ, வீட்டுப் பூனையோ அதைச் சுலபமாகப் பிடித்துத் தின்கிறது, விஷம் அதற்குப் போகிறது. உங்களுக்காக இரவெல்லாம் எலி பிடித்துக்கொண்டிருந்த ஆந்தையை நீங்களே கொன்றதாகிவிடும்.

நிலையான தீர்வு பாத்தியின் அடியில் இருக்கிறது. மேட்டுப்பாத்தி போடும்போதே அடியில் 13 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய பற்றவைப்புக் கம்பிவலையை விரித்து, ஓரங்களைப் பலகையின் மேல் மடித்து ஆணி அடித்துவிடுங்கள். சுண்டெலியும் தொல்லை என்றால் 6 மில்லிமீட்டர் கண் வேண்டும். பிளாஸ்டிக் வலையை ஒரே இரவில் கடித்துவிடும். கோழிவலையின் கண் பெரியது, மண்ணில் சீக்கிரம் துருவும் பிடிக்கும். அப்புறம், புதர், அடுக்கிய விறகு, உதிர்ந்த பழம், திறந்து கிடக்கும் மட்குக் குவியல் இவற்றை ஒழுங்கு செய்யாமல் வலை மட்டும் போட்டால் எலி அடுத்த பாத்திக்குப் போகும், அவ்வளவுதான். ஈர மண்ணில் வேலை செய்யும்போது கையுறையும் காலணியும் அவசியம். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் பல நாள் உயிரோடிருக்கும். காலில் ஒரு சிறு கீறல் போதும்.

அறிகுறி: மண் வரிவரியாக உப்பியிருக்கிறது, மிதித்தால் அமுங்குகிறது

எல்லா நாட்டிலும் இது கிடையாது, ஆனால் குளிர்ப் பகுதிகளில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். இது அகழெலி, மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டும் சிறு விலங்கு. மண்புழுவையும் பூச்சியையும்தான் தின்கிறது, வேரை அல்ல. வேர் அந்தரத்தில் தொங்குவதால்தான் செடி வாடுகிறது. உப்பிய இடத்தை மிதித்து அமுக்கித் தண்ணீர் விட்டாலே செடி பிழைத்துக்கொள்ளும். அந்த வழியில் எலி புகுந்து வேரைத் தின்பதும் உண்டு. அப்படியானால் மேலே சொன்ன வெட்டுவாய்ச் சோதனை கைகொடுக்கும்.

அறிகுறி: பாத்தியே ஏர் உழுதது போல் புரண்டு கிடக்கிறது

ஒரே இரவில் இவ்வளவு பரப்பைப் புரட்டுவது காட்டுப்பன்றிதான். புல்லும் மண்ணும் கட்டி கட்டியாகக் கவிழ்ந்திருக்கும், கிழங்குச் செடிகள் வேரற்றுக் கிடக்கும், பக்கத்தில் சேறு இருந்தால் அதில் புரண்ட அடையாளமும் இருக்கும். கால்தடத்தில் இரண்டு குளம்புக்குப் பின்னால் வெளிப்பக்கமாக இரண்டு சிறு புள்ளிகள் பதிந்திருக்கும். மானின் தடத்தில் அந்தப் புள்ளிகள் சேற்றில் மட்டும்தான் தெரியும்.

பன்றியின் பலமெல்லாம் மூக்கில். அதைக்கொண்டுதான் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக் கண்டுபிடிக்கிறது, அதைக்கொண்டுதான் வேலியையும் தூக்குகிறது. ஆகவே பன்றிக்கு வேலி போடும்போது உயரத்தைவிட அடிதான் முக்கியம். வலையின் அடி ஓரம் தரையோடு இறுகியிருக்க வேண்டும். அடியில் ஒரு முள்கம்பியைத் தரையை ஒட்டி இழுத்துக் கட்டி, கம்பத்துக்குக் கம்பம் நடுவிலும் முளை அடித்து வையுங்கள். கதவின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் மொத்த வேலியும் வீண்.

சூரிய மின்வேலி நன்றாக வேலை செய்யும். பன்றியின் உடம்பில் மயிர் அடர்த்தி, மூக்கோ ஈரமானது. அதனால் மூக்கு தொடும் உயரத்தில் கம்பி இருக்க வேண்டும்: தரையிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டரில் ஒன்று, 45 சென்டிமீட்டரில் இன்னொன்று. கம்பியைப் புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கி வேலி செத்துவிடும். எனவே கம்பிக்கு அடியில் எப்போதும் புல் வெட்டியிருக்க வேண்டும். பன்றி ஒருமுறை உங்கள் கிழங்கைத் தின்று ருசி கண்டுவிட்டால் வலியைப் பொறுத்துக்கொண்டு நுழையப் பார்க்கும். கிழங்கு விளைவதற்கு முன்பே வேலியில் மின்சாரம் ஓட வேண்டும் என்பது அதனால்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலிக்கென்று தயாரித்த கருவி நொடிக்கொரு முறை, நொடியின் மிகச் சிறிய பகுதி நேரம் மட்டும் மின்துடிப்பை அனுப்பும். வலிக்கும், கொல்லாது. வீட்டு மின்இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது முற்றிலும் வேறு. அது இடைவிடாமல் ஓடும், தொட்டவரை விடாது. இப்படி யானைகள் செத்திருக்கின்றன, வழிதவறிய மனிதர்கள் செத்திருக்கிறார்கள், வேலி போட்டவரே காலையில் மறந்துபோய்த் தொட்டுச் செத்ததும் உண்டு. ஒரு பாத்திக் கிழங்குக்கு அது ஈடாகாது. எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்.

பன்றியை நேரில் கண்டால், முக்கியமாகக் குட்டிகளோடு இருந்தால், விரட்டப் போகாதீர்கள். விலகி வழிவிடுங்கள்.

அறிகுறி: தண்டின் அடியில் ஒரே இடத்தில் ஆழமான குழி, கிழங்கு மட்டும் காணோம், பட்டை கொறித்திருக்கிறது

முள்ளம்பன்றி. பெயரில்தான் பன்றி, உண்மையில் அது பெரிய கொறிவிலங்கு, எலியின் தூரத்து உறவு. பன்றி பரப்பாகப் புரட்டும். இது செடி செடியாகத் தேர்ந்தெடுத்துத் தோண்டும். இளம் மரக்கன்றின் அடிப்பட்டையை ஒரு முழ உயரத்துக்குள் சுற்றிலும் கொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பல்தடத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். எலியின் தடம் ஊசியால் கீறியது மாதிரி நகத்துக்குத் தட்டுப்படாது. முள்ளம்பன்றியின் தடம் அகலமாக, இரண்டிரண்டாக, நகம் உள்ளே இறங்கும் அளவுக்கு ஆழமாக இருக்கும். குழியோரம் ஒரு முள் உதிர்ந்து கிடந்தால் வேறு சாட்சியே தேவையில்லை.

கன்றைச் சுற்றிப் பட்டை முழு வளையமாகப் போய்விட்டால் மரம் பிழைப்பது கடினம். ஒரு பக்கமாவது பட்டை மிஞ்சியிருந்தால் காயத்தின் ஓரத்தைச் சீவிச் சுத்தமாக்கி விட்டுவிடுங்கள், தானாக மூடிக்கொள்ளும். மிஞ்சிய கன்றுகளுக்குக் கெட்டியான கம்பிவலைக் கூண்டு போடுங்கள். கூண்டு தண்டை ஒட்டி இருக்கக் கூடாது, ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். உயரம் இரண்டரை, மூன்று அடி போதும், அது நன்றாக மரமேறாத வகையாக இருந்தால்.

தோட்டத்தைச் சுற்றி வேலி என்றால் வலையை மண்ணுக்குள் ஒரு அடி இறக்கி, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்துப் புதைக்க வேண்டும். தோண்டும் விலங்கு வேலியின் காலடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்கே மண்ணுக்குள் தட்டையாக வலை தட்டுப்பட்டால், நான்கு தப்படி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. முள்ளம்பன்றிக்கு மட்டுமல்ல, முயல், நரி, நாய் எல்லாவற்றுக்கும் இந்த மடிப்புதான் உயிர்நாடி. வலையை நேராக இரண்டடி இறக்குவதைவிட இது குறைந்த வேலை, அதிகப் பலன்.

முள்ளம்பன்றி முள்ளை எறியும் என்பது கதை. அது முதுகைத் திருப்பிப் பின்பக்கமாக வேகமாக வந்து குத்தும். அதனால் நாயை ஏவிவிடாதீர்கள்.

அறிகுறி: புல்தரையிலும் பாத்தியிலும் புனல் வடிவக் குழிகள், ஆனால் செடி எதுவும் தின்னப்படவில்லை

வந்தது கீரியோ, மரநாயோ, துர்நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்க்கோ, முள்ளெலியோ, நீங்கள் வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. எதுவானாலும் தேடுவது ஒன்றையேதான்: மண்ணுக்குள் இருக்கும் வெள்ளை வேர்ப்புழு. செடி வேரறுந்து கிடந்தால் அது தோண்டியதன் பக்கவிளைவு.

ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக, நான்கு விரல் ஆழத்துக்கு மண்ணை வெட்டிப் புரட்டுங்கள். ஆங்கில எழுத்து சி வடிவில் சுருண்ட, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழுக்களை எண்ணுங்கள். இரண்டு மூன்று இருந்தால் விட்டுவிடலாம். பத்தைத் தாண்டினால் உங்கள் பிரச்சினை விலங்கல்ல, புழு. அந்த விலங்கு உங்களுக்கு உதவிதான் செய்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் முரட்டுத்தனமாக.

புழுவுக்கு மெட்டாரைசியம் பூஞ்சாணமும், ஹெட்டரோரப்டிடிஸ் என்ற நூற்புழுவும் பயன்படும். இரண்டும் உயிருள்ளவை. வெயில் பட்டால் செத்துப்போகும், காய்ந்த மண்ணிலும் வேலை செய்யாது. அதனால் மாலையில், முதலில் மண்ணை நனைத்துவிட்டு, இட்ட பிறகு மறுபடியும் நனைக்க வேண்டும். புழு சிறிதாக இருக்கும்போது இட்டால்தான் முழுப் பலன். மட்குக் குழியையும் கிளறிப் பாருங்கள். பெருவிரல் பருமனில் புழுக்கள் இருந்தால் அவை காண்டாமிருக வண்டின் குஞ்சுகள்; அந்த மட்கை அப்படியே பாத்தியில் கொட்டினால் விலங்குகளுக்கு விருந்து வைத்தது போலாகும்.

அறிகுறி: நாற்று பிடுங்கிப் பக்கத்தில் கிடக்கிறது, குழியே இல்லை

பறவை. விதைப்பருப்புக்காகவோ அடியில் இருக்கும் பூச்சிக்காகவோ இழுத்துப் போட்டிருக்கும். மூடாக்கு நாலாபக்கமும் சிதறியிருந்தால் மயில், காட்டுக்கோழி போன்ற சீய்க்கும் பறவைகள். நாற்று ஒரு சாண் வளரும்வரை மெல்லிய வலையை வளைவுகளின் மேல் இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். மிளகாய்க் கரைசல் இங்கே உதவாது. அதிலுள்ள காரம் பாலூட்டிகளுக்குத்தான் எரியும், பறவைகளுக்கு உறைப்பதில்லை.

அறிகுறி: தோண்டிய இடம் மறுபடியும் மூடியிருக்கிறது

பூனை, கழிப்பிடமாகப் பயன்படுத்தியிருக்கிறது. மண்ணை ஈரமாக வைத்து, குச்சிகளை நெருக்கமாகக் குத்தி விடுங்கள். கர்ப்பிணிகள் அந்த மண்ணை வெறுங்கையால் தொடக் கூடாது, பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றலாம்.

அறிகுறி: எறும்புப் புற்றும் கறையான் புற்றும் பிளந்திருக்கிறது, செடிகள் சும்மா இருக்கின்றன

அழுங்காக இருக்கலாம், உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புதின்னி. பெரும்பாலும் எறும்பும் கறையானும்தான் அதன் உணவு. உலகிலுள்ள எட்டு வகை அழுங்குகளும் அழிவின் ஆபத்தில் இருப்பவை. 2016-ல் எட்டையும் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். உங்கள் தோட்டத்துக்கு அது வந்தால் பாக்கியம் என்று நினைத்து, யாரிடமும் இடத்தைச் சொல்லாமல், வனத்துறைக்கு மட்டும் தெரிவியுங்கள்.

எல்லாம் செய்தும் திரும்ப வருகிறது என்றால்

முதலில் உரத்தைச் சந்தேகப்படுங்கள். மீன் அமிலம், எலும்புத்தூள், ரத்தத்தூள், புண்ணாக்கு எல்லாம் மோப்பம் பிடிக்கும் விலங்குக்கு அழைப்பு. நட்ட குழியிலேயே எலும்புத்தூள் போட்டால் அதே குழியைத்தான் தோண்டும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் நச்சு எஞ்சியிருக்கக்கூடும். அதைத் தின்று நாய்கள் செத்திருக்கின்றன. திடப் புண்ணாக்குக்குப் பதிலாக நன்கு மட்கிய தொழு உரத்தைக் கொடுத்துப் பாருங்கள், பல இடங்களில் தோண்டல் அதோடு நின்றுவிடும்.

அடுத்து வலையின் ஓரங்களை முழுசாக ஒரு சுற்று நடந்து பாருங்கள். வாய்க்கால் கடக்கும் இடம், கதவடி, மண் அரித்த மூலை, இந்த மூன்றில்தான் பெரும்பாலும் வழி இருக்கும்.

நம் காதுக்குக் கேட்காத ஒலியால் விலங்கை விரட்டும் மீயொலிக் கருவிகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். முதல் சில நாள் மிரளும், பிறகு அதன் பக்கத்திலேயே தோண்டும். விளக்கு, ரேடியோ, முடி, மனித வாசனை எல்லாமே அப்படித்தான். இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் கொஞ்ச காலம் கூடுதலாகத் தாங்கும். அசைவைக் கண்டதும் தண்ணீர் பீய்ச்சும் தெளிப்பான் ஓரளவு நம்பத்தக்கது. நாப்தலீன் உருண்டைகளை மண்ணில் போடவே கூடாது. அது நச்சு, குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்து வாயில் போடுவதும் நடக்கிறது.

பிடித்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் விடலாமே என்று தோன்றும். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அறியாத இடத்தில் விடப்பட்ட விலங்கு பெரும்பாலும் பட்டினியிலோ சண்டையிலோ சாகிறது, காலியான இடத்துக்கு இன்னொன்று வருகிறது. காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மயில் போன்றவற்றைப் பொறுத்தவரை பொறி வைப்பதற்கு முன் உங்கள் பகுதி வனத்துறையிடம் கேட்டே ஆக வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு உள்ள இடங்களில், மண்ணைச் சரி செய்வதற்கு முன்பே சேதத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே விரித்த வலைகளைச் செடி உறுதியானதும் எடுத்துவிடலாம். புதைத்த வலை அங்கேயே இருக்கட்டும். மின்வேலியை மட்டும் கிழங்கு எடுத்த அன்றே அணைத்துவிடாதீர்கள். மண்வெட்டிக்குத் தப்பிய துண்டுக் கிழங்குகளைத் தேடிப் பன்றி வரும், வந்தால் அடுத்த பருவத்துக்கும் வழி கண்டுகொள்ளும். விடுபட்டதையெல்லாம் பொறுக்கி, மண்ணை ஒருமுறை கிளறிப் பார்த்து எதுவும் மிஞ்சவில்லை என்றான பிறகு அணைக்கலாம்.